அந்த வீட்டைப் பற்றி நான் சொன்னது

பாப்பா,

நீ அமெரிக்காவுக்கு, பால்டிமோருக்குப் போன புதிதில், ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், வாடகையும் குறைவு என்று சொன்னாய். "அது கறுப்பர்கள் இருக்கிற ஏரியாவாமே, வேண்டவே வேண்டாம்" என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எனக்காக அதை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் கூடுதல் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி விடும்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய்.

போன வாரம் கேட்டாயே, "எங்க ஆஸ்பத்திரியில விவியன் தாமஸ்னு ஒருத்தர் படம் இருக்கு, உனக்குத் தெரியுமாம்மா?" என்று. தெரியாது என்றேன். குழந்தைகள் இருதய வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். நுரையீரலுக்கு ரத்தம் போகப் புதுப் பாதை போடும் அறுவையை 'பி.டி. ஷன்ட்' என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன்! பி என்றால் ப்ளாலாக், டி என்றால் டாசிக் என்று புதிதாக வரும் பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நடுவில் இன்னொரு பெயர் விடுபட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அன்று இரவு உட்கார்ந்து அவரைப் பற்றி நிறையப் படித்தேன். நாஷ்வில்லில் வளர்ந்த தச்சர் மகன். டாக்டராக வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பொருளாதார வீழ்ச்சியில் வங்கி மூழ்கியபோது கூடவே போய்விட்டது. அதற்குக் கொஞ்சம் முன்புதான், 1930-ல், சர்ஜன் ப்ளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். செய்தது ஆராய்ச்சி வேலை. பதிவேட்டில் இருந்ததோ துப்புரவுப் பணியாளர் என்று, சம்பளமும் அதற்கேற்றதுதான். 1941-ல் ப்ளாலாக்கோடு உங்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே கறுப்பினத்தவருக்குக் கழிப்பறைகூடத் தனி. அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

'புளூ பேபி' என்று நாங்கள் சொல்லும் குழந்தைகளை நீயும் சின்ன வயதில் என் வார்டில் பார்த்திருக்கிறாய். உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். நாலடி ஓடினால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிடும். மூச்சுத் திணறல் வந்தால் முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து ஆக்சிஜன் வைப்போம். நுரையீரலுக்குப் போதுமான ரத்தம் போகாததுதான் காரணம். அதற்கு ஒரு புதுப் பாதை போட முடியாதா என்று கேட்டவர் டாக்டர் ஹெலன் டாசிக். காது சரியாகக் கேட்காமல், ஒரு பெண்ணாக அந்தக் காலத்தில் அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. அவர் பெயர் அங்கே இருப்பது நியாயம்தான்.

ஆனால் கைக்குப் போகும் ரத்தக் குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயோடு தைப்பது எப்படி என்று சுமார் இருநூறு நாய்களிடம் செய்து பார்த்துக் கண்டுபிடித்தவர் தாமஸ். அவ்வளவு சின்னக் குழாய்க்கு ஊசி கிடையாது. இருந்த ஊசிகளை வெட்டித் தீட்டி அவரே தயார் செய்தார். 1944 நவம்பர் 29, சுமார் நாலு கிலோவே இருந்த பதினைந்து மாதக் குழந்தை. ப்ளாலாக் அந்த அறுவையை அதுவரை ஒரே ஒரு முறைதான் செய்திருந்தார், அதுவும் தாமஸுக்கு உதவியாளாக நின்று. அதனால் தாமஸை ஒரு படி ஸ்டூலில் தன் தோளுக்குப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டார். எந்தத் தையல் எந்தப் பக்கம் என்று தாமஸ் சொல்லச் சொல்ல அறுவை நடந்தது.

அடுத்த வருடம் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ப்ளாலாக் பெயர் இருந்தது, டாசிக் பெயர் இருந்தது. தாமஸ் பெயர் எங்கேயும் இல்லை. குடும்பச் செலவுக்காக ப்ளாலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையையும் அவர் செய்தார் என்று படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன். தான் பயிற்சி கொடுத்த சர்ஜன்களுக்கே கிளாஸை நீட்டியிருக்கிறார். கௌரவ டாக்டர் பட்டம் வந்தது 1976-ல்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் உதடு சிவந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "அம்மா, ஓடுறேன் பாரு" என்று வார்டுக்குள் ஓடிக் காட்டுவார்கள். அதற்கு அவருடைய கை காரணம். அதே நான், அவருடைய மக்கள் வாழும் தெருவில் நீ குடியிருக்கக் கூடாது என்று சொன்னேன்.

எனக்கு அந்தப் பயத்தை யார் கொடுத்தார்கள் என்று யோசித்தேன். ஒரு கறுப்பினத்தவரோடுகூட நான் வாழ்க்கையில் பேசியதில்லை. எல்லாம் திரையில் பார்த்ததுதான்: துப்பாக்கி, போதைப் பொட்டலம், ஜெயில், இல்லையென்றால் சிரிக்க வைக்கும் வேலைக்காரி. நம் தமிழ்ப் படங்களிலும் ஆப்பிரிக்கர் வந்தால் போதை விற்க வருவார், அல்லது கேலிக்கு. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1915-லேயே வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைக் காமுகர்களாகக் காட்டிய படத்தை வெள்ளை மாளிகையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1940-ல் வேலைக்காரி வேடத்துக்காக ஆஸ்கர் வாங்கிய ஹாட்டி மெக்டேனியலை, அதே விழாவில் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். அந்தப் படங்களை நான் பார்த்ததில்லை, பாப்பா. ஆனால் அவற்றின் பிள்ளைகளையும் பேரன்களையும் டிவியில் ராத்திரி ராத்திரியாகப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஏரியா ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் தேடினேன். கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எதில் கூடாது என்று 1910-ல் பால்டிமோர் நகரமே சட்டம் போட்டிருக்கிறது. அது செல்லாது என்றான பிறகு, முப்பதுகளில் அந்தப் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்தார்கள். அங்கே வீட்டுக் கடன் கிடைப்பதே குதிரைக் கொம்பாகிவிட்டது. கடன் கொடுக்காமல் வாட விட்ட தெருவைப் பார்த்து, அங்கே இருக்கிறவர்களே அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி தனியாக நடக்கும்போது கவனமாக இரு. அதை எந்த ஊரிலும் சொல்வேன், இங்கே நம் தெருவிலும் சொல்லியிருக்கிறேன். அது வேறு, நான் அன்று சொன்னது வேறு.

மே மாதத்தோடு உன் வாடகை ஒப்பந்தம் முடிகிறது என்றாய் இல்லையா? அந்த வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று ஒரு தடவை விசாரித்துப் பார். முன்பணம் குறைந்தால் சொல், நான் அனுப்புகிறேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தத் தாமஸ் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. என்னோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அவர்களுக்கும் அந்த ஷன்டுக்கு இரண்டு பெயர்தான் தெரியும்.

அம்மா