பாடக் காணொளிகளைப் பகிர்வது குறித்து

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஃபோட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் வசதி) பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கும் காணொளி ஒன்று சென்ற வாரம் இங்கே பகிரப்பட்டபோது, அதன் கீழ் மூலையில் இருந்த ஆசிரியரின் பெயர் வெட்டி நீக்கப்பட்டிருந்ததை, அதை உருவாக்கியவரே எனக்குச் சுட்டிக்காட்டினார். அவர் கோபப்படவில்லை, இணைப்பைக் கொடுத்திருந்தாலே போதுமே என்றுதான் கேட்டார், அதுவே எனக்குக் கூடுதல் கூச்சத்தைத் தந்தது.

பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1908இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை என்பதால், உரிமைக் குறி இல்லாத பாடத்தைப் பொதுச் சொத்தாகக் கருத இடமில்லை.

எனவே உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை:

1. காணொளியைத் தரவிறக்கிப் போடாமல், மூல இணைப்பை உருவாக்கியவர் பெயருடன் பகிரவும்.
2. கட்டணப் பாடங்களையும் அவற்றுடன் வரும் பிரீசெட் (முன்கூட்டியே அமைத்த அளவமைப்புகள்), பிரஷ் (தூரிகை) கோப்புகளையும் பகிர வேண்டாம்.
3. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (படைப்பாளர் சில நிபந்தனைகளுடன் பகிர்வை முன்கூட்டியே அனுமதிக்கும் உரிமம்) உள்ளவற்றில் நிபந்தனையைப் படிக்கவும். ‘என்சி’ (NC) என்றிருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. ‘என்டி’ (ND) என்றிருந்தால் மாற்றியமைத்த வடிவத்தை வெளியிடக் கூடாது, நாம் ஆர்வத்துடன் செய்யும் தமிழாக்கமும் இதில் அடங்கும்.
4. ஏற்கெனவே பகிர்ந்த கோப்புகளை ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்குள் நீக்கவும்.

நீக்கியவர்கள் ‘முடிந்தது’ என்று இங்கே பதிலிடவும். நீக்க இயலாதவர்களும், எது யாருடைய படைப்பு என்று தெரியாதவர்களும் எனக்குத் தனிச்செய்தி அனுப்பவும்.

குழு ஒருங்கிணைப்பாளர்