வு லான் நாள்: வியட்நாமியப் புத்தர் கோயிலுக்குப் போகிறோம்

மெல்பர்ன் மேற்குப் பெற்றோர் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு காலை 10 மணிக்கு பிரேப்ரூக் குவாங் மின் கோயில் வாசலில் கூடுவோம். தாய் தந்தையரை நினைத்து வியட்நாமியர்கள் கொண்டாடும் வு லான், சந்திர நாட்காட்டியில் 7ஆம் மாதப் பௌர்ணமி. இந்த ஆண்டு அது ஆகஸ்ட் 27. வியாழன் என்பதால் நமக்குத் தோதாக ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம்.

1. வு லான் சமயத்தில் சட்டையில் ரோஜா குத்துவார்கள். அம்மா இருப்பவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்கு வெள்ளை. வியட்நாமியப் புத்தத் துறவி திக் நாட் ஹான் 1962இல் எழுதிய கட்டுரையால் பரவிய வழக்கம் இது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரைப் பார்த்தும் "உங்களுக்கு ஏன் வெள்ளை?" என்று கேட்டுவிட வேண்டாம்.
2. தோள், முழங்கால் மூடிய உடை. செருப்பை வெளியே விட வேண்டும்.
3. வெளியிலிருந்து அசைவம் எதுவும் வேண்டாம். கோயில் சமையலில் மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ்தான். வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள். (நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது நல்ல செய்தி!)
4. சூத்திரம் ஓதும்போது போனை அணைத்துவிடுங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.
5. கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். சேர்ந்தே வாருங்கள்.

எத்தனை பேர், காரில் இடம் உண்டா என்று 23ஆம் தேதிக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.