இந்திய - இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழுவுக்கு: படகுகளை இப்படி எண்ணாதீர்கள்

இரு நாட்டு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கையின் வடக்குக்கும் நடுவே உள்ள பாக் நீரிணையில் யார் மீன் பிடிப்பது என்ற பிரச்சினை கிளம்பும்போதெல்லாம், அவர்களிடம் இத்தனை படகு, நம்மிடம் இத்தனை படகு என்று யாராவது ஒரு கணக்கைத் தூக்கிப் போடுகிறார்கள். இந்தியாவில் 2010 கடல் மீன்வளக் கணக்கெடுப்பின்படி 1,94,490 கலங்கள், இலங்கையில் சுமார் 50,000, ஆக நாலுக்கு ஒன்று. சரி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த இந்தியக் கணக்கில் குஜராத்தின் இழுவைப் படகும் இருக்கிறது, எஞ்சினே இல்லாத 50,618 கலங்களும் இருக்கின்றன. இலங்கைக் கணக்கில் உள்ள பலநாள் கலங்கள், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவை, பெரும்பாலும் தெற்கு, மேற்குக் கரைகளிலிருந்து சூரை தேடி ஆழ்கடலுக்குப் போகிறவை, அவற்றுக்கும் பாக் நீரிணைக்கும் சம்பந்தமே கிடையாது.

போதாததற்கு இரண்டு பட்டியலும் ஒரே மாதிரி பிரிக்கப்பட்டவை அல்ல. இந்தியா எஞ்சின் வலுவாலேயே வலையும் இழுக்கும் விசைப்படகு, போய்வர மட்டும் மோட்டார் பொருத்திய படகு, எஞ்சின் இல்லாதது என்று பிரிக்கிறது. இலங்கை பலநாள் கலம், ஒருநாள் கலம், வெளியிணைப்பு எஞ்சின் போட்ட கண்ணாடியிழைப் படகு என்று வகை வகையாகப் பிரிக்கிறது. ராமேஸ்வரத்து விசைப்படகும் யாழ்ப்பாணத்துச் சின்னப் படகும் மொத்தக் கணக்கில் ஆளுக்கு ஒன்று. கடலுக்குள் அவை சமமா? ஒன்று கடலடியைச் சுரண்டி மடி என்ற பை வலையை இழுக்கிறது, மற்றது மீனின் செவுள் சிக்கும் செவுள் வலை விட்டுக் காத்திருக்கிறது, முந்தையது கடந்து போன பிறகு அந்த வலையே மிஞ்சுவதில்லை.

ஆண்டுவாரியாகப் பார்த்தால் இன்னும் மோசம். 1950களில் மீன்பிடியை இயந்திரமயமாக்க நார்வே உதவியோடு வந்த இந்திய - நார்வே திட்டம் கேரளத்தின் கொல்லத்தில் தொடங்கியது, அப்புறம் இறால் ஏற்றுமதி சூடுபிடிக்க இழுவைப் படகுகள் தமிழ்நாட்டுக் கரையிலும் பெருகின. 1983-க்குப் பிறகு இலங்கையின் வடக்கில் போர், எந்நேரம் போவது, எவ்வளவு தூரம் போவது, எவ்வளவு வலுவுள்ள எஞ்சின் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. ஒரு கரை வளர்ந்த அதே ஆண்டுகளில் எதிர்க்கரை படகே இறக்க முடியாமல் முடங்கிக் கிடந்தது. இது நாடு தழுவிய மொத்தக் கணக்கில் தெரியவே தெரியாது, ஏனென்றால் அதே காலத்தில் இலங்கையின் தெற்கில் பலநாள் கலங்கள் கூடிக்கொண்டிருந்தன.

எண்ணிக்கை குறைந்தது என்று யாராவது பெருமைப்பட்டாலும் நான் நம்பத் தயாரில்லை. அதே நார்வேயில் 2000-இல் சுமார் 13,000 மீன்பிடிக் கலங்கள் இருந்தன, 2020-இல் சுமார் 6,000. பிடிபட்ட மீன் பாதியாகக் குறையவில்லை. கலம் பெரிதானது, கருவி கூர்மையானது, அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. பாக் நீரிணைக்கு மட்டும் ஒரு பட்டியல் போடுங்கள். இந்தப் பக்கம் ராமநாதபுரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை, அந்தப் பக்கம் மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணம். படகு எண்ணிக்கையோடு மொத்தக் குதிரைத்திறன், படகின் நீளம், வலை வகை, வாரத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போகிறது, எல்லாமே ஒரே அளவுகோலில், கிடைக்கிற பழைய ஆண்டிலிருந்து. பதிவேட்டில் உள்ள குதிரைத்திறன் அல்ல, படகில் உண்மையில் ஓடும் எஞ்சினின் திறன். (இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எந்தத் துறைமுகத்தில் கேட்டாலும் சிரிப்பார்கள்.) இலங்கை 2017-இல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடை செய்த பிறகும் யாழ்ப்பாணத்தின் குருநகர்ப் பக்கம் ஓடும் உள்ளூர் இழுவைப் படகுகளையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் என்று இங்கே உள்ளவர்கள் பட்டியலையே தூக்கி எறிந்துவிடுவார்கள்.

இன்னொன்று. அதே 2017-இல் இந்திய அரசு பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாகப் புது ஆழ்கடல் படகுகள் கொடுப்பதாகத் திட்டம் அறிவித்தது, படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். எத்தனை புதுப் படகு கட்டினீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய படகுகளில் எத்தனை உண்மையிலேயே நீரிணையை விட்டுப் போயின, எத்தனை வேறு பெயரில் இன்னும் அங்கேயே ஓடுகின்றன என்பதையும் ஆண்டுவாரியாக அந்தப் பட்டியலில் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்பே, தமிழிலும் சிங்களத்திலும்.