முன்னாள் படைவீரர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்னாள் படைவீரர் எத்தனை பேர் என்பதை அறிய, நம் நாட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகப் பதிவுகளையும் ஓய்வூதியப் பட்டியலையுமே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. பதிவு செய்யாதவரும், இறந்த பின்னும் பெயர் நீக்கப்படாதவரும் இருக்கும் வரை இவை முழுமையாகா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது குறித்துக் கேள்வியே இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் முதன்முறையாக இக்கேள்வி கேட்கப்பட்டு, சுமார் 18.5 லட்சம் பேர், அதாவது 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 3.8 சதவீதத்தினர், படையில் பணியாற்றியவர்கள் எனத் தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் 80 வயதைத் தொட்டவர் அல்லது கடந்தவர். மருத்துவத்தையும் முதியோர் பராமரிப்பையும் எங்கே பெருக்குவது என்பதை இத்தகைய வயதுவாரிக் கணக்கே சொல்லும், மொத்த எண்ணிக்கை சொல்லாது.

நமக்கு இதன் அவசரம் வேறு. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் முடித்து வெளியேறும் பெரும்பான்மை இளைஞர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை என்பதால், மேற்சொன்ன இரு பட்டியல்களிலும் அவர்கள் இடம்பெற மாட்டார்கள். (வேலை தேடும் வயதில் இருப்பவர்களைத்தான் இப்படி விட்டுவிடுகிறோம்!) எனவே 2027 கணக்கெடுப்பிலாவது படைப்பணி குறித்த ஒரு கேள்வியைச் சேர்த்து, பணிக்காலம், வயது, பாலினம், கல்வி, வேலை ஆகிய விவரங்களை, படைவீரர்களின் மனைவியர், கைம்பெண்கள் பற்றிய தகவலுடன் வட்டம் வாரியாக வெளியிட வேண்டும். தனிநபர் அடையாளம் தெரியக்கூடிய சிறிய ஊர்களின் எண்களை மட்டும் வெளியிடாமல் நிறுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்