தேங்காப்பட்டணம் பொழியில் மூத்தோர் துடுப்புப் பந்தயம் வேண்டும்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

குழித்துறைத் தாமிரபரணி கடலோடு சேரும் தேங்காப்பட்டணம் பொழியில், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் துடுப்புப் போடும் பந்தயம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

வள்ளங்களில் எஞ்சின் பூட்டுவதற்கு முன், அலையின் இடைவெளி பார்த்து, ஒருவர் துடுப்போடு மற்றவர் துடுப்பும் பிசகாமல் விழ, கைவலிமையாலேயே கடலுக்குள் போய்த் திரும்பியவர்கள் இன்று நம் கடற்கரை ஊர்களில் முதியவர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் துடுப்பை எஞ்சின் பழுதானால் மட்டுமே தொடுகிறார்கள். அந்தக் கைத்திறனை ஊரறியக் காட்ட இந்த முதியவர்களுக்கு ஒரு மேடையும் இல்லை. 2023-இல் நடந்த முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுப்பிரிவின் வயது வரம்பே 35-தான்.

இலண்டனில் தேம்ஸ் ஆற்றில் மூத்த குழுக்களுக்கென்றே ஆண்டுதோறும் பந்தயம் நடக்கிறது. எட்டுப் பேர் துடுப்புப் போட, ஒருவர் சுக்கானைக் கவனிக்கும் படகுகள், மோர்ட்லேக்கிலிருந்து பட்னி வரை ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் தூரத்தை நீர்வற்றத்தோடு, அதாவது நீர் கடலை நோக்கி இறங்கும் வேளையின் ஓட்டத்தோடு, கடக்கின்றன. படகுகள் பக்கம் பக்கமாக நின்று பாய்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் கொண்டு வெற்றி கணிக்கப்படுகிறது. நம் ஆற்றுக்கு மிகவும் பொருந்துவது இந்த முறைதான் என்பது என் உறுதியான கருத்து. 1952-இல் தொடங்கி, இப்போது கேரளத்தின் ஆலப்புழைப் புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைப் படகுப் பந்தயத்தைப் போல ஒரே வரிசையில் படகுகளை நிறுத்த நமக்கு அகலமான நீர்ப்பரப்பும் வேண்டாம், சுண்டன் வள்ளங்கள் என்னும் நீண்ட பாம்புப் படகுகளும் வேண்டாம். இரண்டு மூன்று வள்ளங்கள் இருந்தாலே குழுக்கள் மாறி மாறி ஏறலாம்.

வயதைப் பொறுத்தவரை, பன்னாட்டு மூத்தோர் துடுப்புப் படகுப் போட்டிகளில் குழுவின் சராசரி வயதைக் கொண்டு 50, 55, 60, 65 என்று பிரிவுகள் வகுக்கிறார்கள். அங்கே பந்தயத் தூரம் 1000 மீட்டர்தான். நமக்கும் அது போதும். எழுபது வயதுக்காரரும் ஐம்பது வயதுக்காரரும் ஒரே குழுவில் உட்காரச் சராசரிக் கணக்கு வழிசெய்யும்; மாமனும் மருமகனும் சேர்ந்து தொழில் செய்த நம் ஊர்களுக்கு இது இயல்பாகவே ஒத்துவரும். பெண்களுக்கும் தனிப்பிரிவு வேண்டும்.

ஒன்றில் மட்டும் தேம்ஸைப் பின்பற்றக் கூடாது. நீர்வற்றத்தோடு கடலை நோக்கிப் படகு விடுவது இங்கே ஆபத்து. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகையால் பொழிக்கு உள்ளே, முகத்துவாரத்திலிருந்து நன்கு விலகிய இடத்தில் தொடங்கி, நீரேற்ற வேளையில் பரக்காணித் தடுப்பணையின் திசையில் ஆற்றின் மேல்நோக்கிச் சென்று, அணைக்குப் போதிய தூரத்திலேயே முடியும்படி பாதையை அளக்க வேண்டும். இரு பருவமழைகளும் ஓய்ந்து ஆறு அடங்கியிருக்கும் பிப்ரவரி மாதம் ஏற்றது. பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே இதயப் பரிசோதனையும், படகில் உயிர்காப்பு அங்கியும், கூடவே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் மீட்புப் படகும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பரிசுத்தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வரும் பிப்ரவரிக்குள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களையும் ஊர்க் கமிட்டிகளையும் அழைத்து ஒரு கலந்தாய்வுக் கூட்டம் நடத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கிள்ளியூர் வட்டத்தைச் சேர்ந்த ஒரு குடிமகன்