பதின்மூன்று பாட்டையும் எழுதியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கிலப் பாடகி கேட் புஷ்ஷின் முதல் ஆல்பமான 'தி கிக் இன்சைட்' பற்றி இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் "டேவிட் கில்மோர் என்ற சிற்பி செதுக்கிய சிலை" என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. சிலையாமே!

1978 பிப்ரவரியில் அந்த ஆல்பம் வெளிவந்தபோது அந்தச் சிலைக்கு வயது 19. (தாங்கள் போட்டிருப்பது 21.) மொத்தம் 13 பாட்டு. பதின்மூன்றையும் எழுதி மெட்டமைத்தவர் அவரேதான். அதில் ஒன்று 13 வயதில் எழுதி, 16 வயதில் பதிவானது. பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் கில்மோர் செய்தது பெரிய உதவி, யார் இல்லை என்றார்கள்? வீட்டில் பாடிப் பதிந்த டேப்பைக் கேட்டுவிட்டு, 1975இல் தன் செலவில் நல்ல ஸ்டுடியோவில் மூன்று பாட்டைப் பதியவைத்தார். வீணை வாங்கிக் கொடுத்த மாமாவை வித்வான் என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

முதல் சிங்கிளாக, அதாவது தனியாக வெளியிடும் பாட்டாக, இ.எம்.ஐ. இசைத்தட்டுக் கம்பெனி நினைத்திருந்தது வேறொரு பாட்டை. 'வுதரிங் ஹைட்ஸ்'தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அந்தப் பெண். எமிலி பிராண்டேயின் அதே பெயர் நாவலில் செத்துப்போன கேத்தி ஆவியாக வந்து ஜன்னலைத் தட்டுகிறாளே, அவள் பாடுவதாக அமைந்த பாட்டு. பங்க் இசை கொடிகட்டிப் பறந்த நேரத்தில் அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. தானே எழுதிய பாட்டால் பிரிட்டனில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர். தாங்கள் அறியாததல்ல. ஆனால் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை, "கீச்சுக்குரல்" மட்டும் மூன்று இடத்தில் வருகிறது. ஆவி பின்னே கட்டைக்குரலிலா கூப்பிடும்?

என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டை நாடா தேயும்வரை கேட்டவள் நான். நாற்பது வருடம் வீணை சொல்லிக்கொடுத்தவளும்கூட. எனக்குப் பதினாறு வயதில் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு வரவேற்புப் பாட்டு எழுதி, மோகனத்தில் மெட்டும் போட்டேன். அழைப்பிதழில் 'இசையமைப்பு' என்று அச்சானது ஹார்மோனியம் வாசித்த சாரின் பெயர். போய்க் கேட்டேன். "நீ சின்னப் பொண்ணும்மா, சார் பேர் இருந்தாத்தான் மரியாதை" என்றார்கள். பக்கத்தில் நின்ற அப்பாவும் தலையாட்டினார். அந்த அழைப்பிதழ் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன், தங்கள் கட்டுரையாளருக்குப் பயன்படும்.

இது முதல் தடவையுமல்ல. 2022இல் கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டு, வெளிவந்து 37 வருடம் கழித்து முதலிடம் வந்தபோது, "தொலைக்காட்சித் தொடரின் தயவில் பிழைத்த பாட்டு" என்று எழுதினீர்கள். எழுதிப் பாடித் தயாரித்தவர் அவரே என்பதற்கு அன்றும் இடமில்லை. டிசம்பர் சீசன் விமர்சனத்தில் பாடகியின் புடவைக் கரைக்கு இரண்டு வரியும் பல்லவிக்கு அரை வரியும் தருவது தங்கள் இதழ்தான். அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை வெட்டி, "கட்டுரை அருமை" என்ற ஒரே வரியை வெளியிட்டீர்கள். நான் அருமை என்று சொன்னது பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஊறுகாய்க் குறிப்பை! சந்தாவை மட்டும் வருடா வருடம் மறக்காமல் ஏற்றுகிறீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 21 என்பதை 19 என்று திருத்துங்கள். பாடல்கள்: கேட் புஷ் என்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் போகிறீர்கள் என்றால், வீணை வாங்கிக் கொடுத்த மாமாவை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வீணை ஆசிரியை,
கும்பகோணம்