எந்த ஃபில்டர் என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

புது வீட்டுச் சமையலறைக் குழாயில் குளோரின் வாடை அடிக்கிறது என்றாய். ஃபில்டர் விற்க வந்தவர் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டு 340 என்று காட்டி, "ஆர்ஓ போட்டே ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னாய். இன்னும் சில மாதத்தில் பாப்பா வரப்போகிறது. உனக்கு வந்த கவலை எனக்கும் வந்தது. போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த 340ஐ மனத்திலிருந்து எடுத்துவிடு. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு (அதுதான் டிடிஎஸ்) என்று அந்த மீட்டர் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். கால்சியமும் மெக்னீசியமும் அதில் சேர்த்தி. டிடிஎஸ் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்கச் சுவையாகவே இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கிருமி இருந்தால் மீட்டர் காட்டாது. ஈயம் இருந்தாலும் அதில் தெரியாது. குடிநீரில் ஈயத்துக்கு அதே நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. 340 என்ற எண்ணுக்குள் அது எங்கே தெரியப்போகிறது?

ஆர்ஓ என்பது தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கிற கருவி. குளோரின் வாடைக்கு அது தேவையே இல்லை. குழாய் முனையில் மாட்டுகிற சின்ன கார்பன் ஃபில்டரே போதும். ஆக்டிவேட்டட் கார்பன் என்பது நுண்துளைகள் நிறைந்த கரி. ஒரு கிராம் கரியில் அந்தத் துளைச் சுவர்களின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் வரும். குளோரினையும் வாடை தரும் பல ரசாயனங்களையும் அது பிடித்துக்கொள்ளும். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு போன்றவை அதைத் தாண்டி வந்துவிடும். தண்ணீரின் கடினத்தன்மையும் அப்படியேதான் இருக்கும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது கண்ணுக்கு உறுத்துமே தவிர உடம்புக்குக் கெடுதல் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை ஈயத்தைப் பற்றித்தான். உங்கள் கட்டடம் பழையது. பழைய குழாயிலும், குழாயை இணைத்த பற்றவைப்பிலும், பித்தளைக் குழாய்த் தலையிலும் ஈயம் இருக்கலாம். இரவெல்லாம் தண்ணீர் உள்ளேயே நிற்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட்டும் அப்படியே. பால்பவுடர் கரைத்துக் கொடுக்க வேண்டி வந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். தண்ணீர் வழங்குபவர்கள் தரும் அறிக்கை அவர்கள் குழாயில் ஓடும் தண்ணீரைப் பற்றியது. உங்கள் கட்டடத்துக்குள் இருக்கும் குழாயைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, காலையில் வரும் முதல் தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஈயம், நைட்ரேட், கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா) மூன்றையும் பார்க்கச் சொல். கோலிஃபார்முக்கு மட்டும் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் தனியாகப் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் சொன்னால் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

ஈயம் இருந்தால் ஏதோ ஒரு கார்பன் ஃபில்டர் போதாது, சில வகைதான் உதவும். பெட்டியில் என்எஸ்எஃப் என்ற அமெரிக்க அமைப்பின் தரச் சான்று எண்ணைப் பார். 42 என்றால் குளோரின், சுவை, வாடைக்கு மட்டும். 53 என்றால் உடல்நலம் சார்ந்த பொருள்களுக்கு. 53 என்று இருப்பதைப் பார்த்ததும் வாங்கிவிடாதே, ஒவ்வொரு பொருளுக்கும் சான்று தனித்தனி. ஈயத்தைக் குறைக்கும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். நைட்ரேட்டோ ஆர்சனிக்கோ அதிகம் என்று வந்தால் அப்போது ஆர்ஓவைப் பற்றிப் பேசலாம். சாதாரண வீட்டு ஆர்ஓவில் ஒரு லிட்டர் எடுக்கப் பல லிட்டர் கழிவாகப் போகும். காரணமில்லாமல் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. கோலிஃபார்ம் வந்தால் கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு உள்ளது வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் யூவி சரியாக வேலை செய்யாது, அதற்கு முன்னால் வடிகட்டி இருந்தாக வேண்டும். அது வரைக்கும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

அப்புறம், குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றி மரையைப் பார்த்துக்கொள். இழுத்து நீட்டுகிற வகைக் குழாய் என்றால் பெரும்பாலான முனை ஃபில்டர்கள் பொருந்தாது. வெந்நீரை அதன் வழியே விடாதே. பாத்திரம் கழுவ ஃபில்டரைத் தாண்டிப் போகும்படி திருப்பி வைத்துக்கொள்ளலாம், கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் தீராது. இந்தச் சின்ன கார்ட்ரிட்ஜ்கள் பலவும் 380 லிட்டர் அளவுக்குத்தான். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 8 லிட்டர் எடுத்தால் ஒன்றரை மாதம் வரும். பெட்டியில் மூன்று மாதம் என்று இருந்தாலும் லிட்டர் கணக்கு முடிந்தால் மாற்றிவிடு. ஃபில்டர் விலையைவிட ஒரு வருடத்துக்கான கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்து முடிவு செய். குளோரின் போன தண்ணீரில் கிருமி எளிதாக வளரும், நாள்கணக்கில் பிடித்து வைக்காதே. ஊருக்குப் போய்த் திரும்பினால் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடி.

பரிசோதனை முடிவு வரும் வரை, குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த தண்ணீர்க் குழாயை மட்டும் பயன்படுத்து. காலையில் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள். முடிவு கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. நானும் பார்க்கிறேன், மூன்று பேரும் பேசி எதை வாங்குவது என்று முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அப்பா